உயிரியல் பிரிவில் இளநிலைப் பட்டம்: விண்ணப்பத்தில் டிக் அடிக்கும் முன்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். தாவரவியலும் விலங்கியலும் பழைய படிப்பு, பயோடெக்னாலஜி புதுப் படிப்பு, மைக்ரோபயாலஜி இரண்டுக்கும் நடுவில். நீட்டில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு இவற்றில் ஏதோ ஒன்று. இப்படி முடிவெடுத்துச் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் ஏதாவது ஓர் அறிவிப்பைப் படிக்கும்போதுதான் "உங்கள் பட்டம் இதில் இல்லை" என்பது தெரியவரும்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் உயிரியல் சார்ந்த பி.எஸ்சி. படிப்புகளின் உள்ளடக்கம் பெருமளவு ஒன்றோடொன்று கலந்தே இருக்கிறது. செல் உயிரியல், மரபியல், உயிர்வேதியியல் அடிப்படை, சூழலியல், உயிரிப் புள்ளியியல் எல்லாம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வரும். படிக்கும் மூன்று ஆண்டுகளில் வேறுபாடு தெரிவது ஆய்வகத்தில். படித்து முடித்த பிறகு தெரிவது சான்றிதழில் அச்சான பெயரில். ஆகவே ஆய்வகத்தில் கை என்ன செய்யும், சான்றிதழில் பெயர் எப்படி இருக்கும் என்ற இரண்டையும் விசாரித்துவிட்டு டிக் அடித்தால் போதும்.

முதலில், நீங்கள் எந்த குரூப்?

பயோ-மேத்ஸ் குரூப் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். பியூர் சயின்ஸ் குரூப் என்றால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கலை அறிவியல் கல்லூரியின் உயிரியல் படிப்புகளுக்கு இரண்டுமே போதும். கணிதம் இல்லாததால் அடைபடும் வழிகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

பி.டெக். பயோடெக்னாலஜியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் மதிப்பெண்ணுக்கு அந்தக் கூட்டலில் இடமே கிடையாது. பெயரிலேயே 'பயோ' இருக்கும் படிப்புக்கு உயிரியலில் 100 வாங்கியவர் பின்தங்கி, கணிதத்தில் 100 வாங்கியவர் முந்திப்போவது இப்படித்தான். காரணமும் இருக்கிறது. நொதிக்கலன் வடிவமைப்பு, வெப்பப் பரிமாற்றம், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று அந்தப் படிப்பில் பாதி வேதிப்பொறியியல். பி.எஸ்சி. பயோடெக்னாலஜியும் பி.டெக். பயோடெக்னாலஜியும் பெயரில் மட்டும்தான் உறவு.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் நான்காண்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் முதன்மைப் பாடங்களாக இருந்திருக்க வேண்டும். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிப்புக்குப் பல கல்லூரிகள் கணிதமோ கணினி அறிவியலோ கேட்கின்றன. பியூர் சயின்ஸ்காரர்கள் இவற்றை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

"கணக்கு வராது, அதனால்தான் பயாலஜி" என்று வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயிரிப் புள்ளியியல் தாளிலிருந்து தப்ப முடியாது. ஆனால் அது பயப்படும் அளவுக்கு இல்லை. மெண்டலின் பட்டாணிச் சோதனையில் இரண்டாம் தலைமுறையில் ஊதாப் பூச்செடிகள் 705, வெள்ளைப் பூச்செடிகள் 224, மொத்தம் 929. 3:1 விகிதப்படி எதிர்பார்க்கும் எண்ணிக்கை 696.75, 232.25. இரண்டிலும் வித்தியாசம் 8.25. அதன் வர்க்கம் ஏறக்குறைய 68.06. அதை 696.75 ஆல் வகுத்தால் 0.10, 232.25 ஆல் வகுத்தால் 0.29. கூட்டினால் 0.39. அட்டவணையில் ஒரு கட்டின்மை எண்ணுக்கான (degree of freedom) எல்லை 3.84. நமது விடை அதற்குக் கீழே இருப்பதால், 3:1 என்ற விகிதத்தைத் தள்ளிவிட இந்த எண்ணிக்கையில் காரணம் இல்லை. கை-வர்க்கச் சோதனை (chi-square test) என்பது இவ்வளவுதான். பி.எஸ்சி.யில் கேட்கும் கணக்கு பெரும்பாலும் இந்த உயரத்தில்தான் நிற்கும்.

வேதியியல் அப்படி இல்லை. முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ அலைடு வேதியியல், அதாவது துணைப்பாடமாக வேதியியல், வந்தே தீரும், பியூரெட்டைப் பிடித்துத் தரம்பார்த்தல் செய்தே ஆகவேண்டும். வேதியியல் பிடிக்காமல் உயிரியல் பக்கம் வருகிறவர் உயிர்வேதியியலில் மட்டும் சேரக்கூடாது. முதல் பருவத்திலேயே அமினோ அமிலங்களின் கட்டமைப்பையும் பி.எச். கணக்கையும் வைத்துக்கொண்டு திணற நேரிடும்.

மூன்று ஆண்டுகளில் என்னென்ன இருக்கும்

ஆறு பருவங்கள். பல்கலைக்கழகங்களில் பொதுவாக மொத்தம் 140 கிரெடிட், பருவத்துக்கு 90 வேலை நாட்கள், வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு. படிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும். முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது மேஜர் எனப்படும் முதன்மைப் பாடமும் அலைடும், நான்காவது திறன் தாள்களும் சுற்றுச்சூழல் கல்வியும் இன்ன பிறவும், ஐந்தாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்தபிறகு 'அலைடு' என்ற சொல் பல இடங்களில் 'எலெக்டிவ்' ஆகிவிட்டது. ஆசிரியர்கள் இன்னும் அலைடு என்றுதான் சொல்கிறார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஏமாற்றம் இந்தக் கால அட்டவணையில்தான். முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலான கல்லூரிகளில் தமிழுக்கு 6 மணி, ஆங்கிலத்துக்கு 6 மணி போய்விடும். அலைடுக்கும் நான்காம் பகுதிக்கும் இன்னும் சில மணி. மேஜர் முழு வீச்சில் வருவது ஐந்தாம் பருவத்தில்தான். "மைக்ரோபயாலஜி சேர்ந்தேன், மைக்ரோபயாலஜியையே காணோம்" என்று இரண்டாம் பருவத்தில் படிப்பை மாற்ற நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

மதிப்பெண் பெரும்பாலும் 25 அகமதிப்பீடு, 75 பல்கலைக்கழகத் தேர்வு. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 40. எழுத்துத் தேர்வில் தனியாக 75க்கு 30 எடுக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. அகமதிப்பீட்டில் 24 வாங்கிவிட்டோம், எழுத்தில் 16 வந்தால் போதுமே என்று கணக்குப் போட்டவருக்கு அரியர் விழுவது இந்த விதியால்தான். வருகை 75 விழுக்காடு. 90 நாளில் அது 68 நாள். அதற்குக் கீழே கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டித் தேர்வெழுதலாம், ரொம்பக் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வே கிடையாது.

ஐந்து பகுதிகளிலும் தேறினால்தான் பட்டம். மேஜரில் முதல் வகுப்பு எடுத்துவிட்டுச் சுற்றுச்சூழல் கல்வித் தாளையோ இரண்டாம் ஆண்டு ஆங்கிலத் தாளையோ பாக்கி வைத்திருந்தால் எம்.எஸ்சி. சேர்க்கை கைநழுவும். செய்முறைத் தேர்வுக்கோ ரெக்கார்டு நோட்டு கையெழுத்தாகியிருக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் நாற்பது படங்களை ஒரே இரவில் வரைந்து கையெழுத்துக்கு வரிசையில் நிற்பது எல்லாத் துறையிலும் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா.

ஆய்வகத்தில் கை என்ன செய்யும்

தாவரவியலில் கையில் பிளேடு இருக்கும். தண்டை, வேரை, இலையைக் குறுக்காக மெல்லிய சீவலாக வெட்டி, சாஃப்ரனினில் நனைத்து, அதிகச் சாயத்தைக் கழுவி, கிளிசரின் ஒரு சொட்டு வைத்துக் கவர்ஸ்லிப் போட வேண்டும். சீவல் தடித்துவிட்டால் செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, சைலமும் புளோயமும் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரியும். சாய்வாக வெட்டினால் வட்டமான குழாய்கள் நீள்வட்டமாகி அடையாளம் தப்பும். கவர்ஸ்லிப்பை ஓர் ஓரத்தைத் தொடவைத்துச் சரிவாக மெல்ல இறக்கவில்லை என்றால் காற்றுக் குமிழி மாட்டும். அந்தக் குமிழியை ஒரு செல் என்று நினைத்து வரைந்தவர்கள் ஏராளம். இது முழுக்கக் கைப்பழக்கம். இருபது சீவல் வெட்டினால் ஒன்று தேறும், மூன்றாம் மாதத்தில் ஐந்துக்கு ஒன்று தேறும். இதோடு ஹெர்பேரியம்: செடியைப் பூவோடு சேகரித்து, தாளிடையில் அழுத்தி உலர்த்தி, 29க்கு 42 செ.மீ. அட்டையில் ஒட்டி, இடமும் நாளும் குடும்பப் பெயரும் எழுத வேண்டும். முதல் சில நாட்கள் தினமும் உறிஞ்சு தாளை மாற்றாவிட்டால் செடி கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். களப்பயணம் நிறைய உண்டு. வெயிலும் அட்டைப்பூச்சியும் சேராதவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

விலங்கியல் என்றால் தவளையை அறுப்பது என்று பெற்றோர் இன்னும் நினைக்கிறார்கள். விலங்குகளை அறுக்கும் செய்முறைகளை விட்டுவிடும்படி 2014ல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியது. இப்போது மாதிரி உருவங்கள், கணினிக் காட்சிகள், அருங்காட்சியகப் பாட்டில்கள். ரத்தப் பூச்சு எடுத்து வெள்ளணு வகைகளை எண்ணுவது, பழ ஈ மரபியல், குளத்து நீரில் மிதவையுயிர்களை அடையாளம் காண்பது, மீன்வளம், தேனீ, பட்டுப்புழு ஆகியவை செய்முறையில் வரும். தேர்வில் 'ஸ்பாட்டர்' முக்கியம். மேசையில் வரிசையாக வைத்திருக்கும் மாதிரிகளை நிமிடக் கணக்கில் பார்த்துப் பெயரும் காரணமும் எழுத வேண்டும். மனப்பாடம் வலுவாக இருப்பவருக்கு இது சோறு.

நுண்ணுயிரியலின் நாள் ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் கலனில், தொடங்கும். 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம். ஒரு லிட்டர் வளர்ப்பு ஊடகத்துக்கு, அதை உறையவைக்க, 15 கிராம் அகர். அது 45 முதல் 50 டிகிரிக்கு ஆறியபின் பெட்ரி தட்டில் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டி, தனித்தனியாக வளரவேண்டிய நுண்ணுயிர்க் கூட்டங்கள் ஒன்றாக ஓடிவிடும். ஆறவிட்டுத் தாமதித்தால் குடுவையிலேயே கட்டியாகும். முதல் பெரிய சோதனை, பாக்டீரியாவை பாசிட்டிவ், நெகட்டிவ் என இரண்டாகப் பிரித்துக்காட்டும் கிராம் சாயமேற்றம். படிக ஊதா ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், ஆல்கஹால் சில நொடி, கடைசியில் சாஃப்ரனின். எல்லாம் கெடுவது அந்த ஆல்கஹால் நொடிகளில்தான். அதிகம் கழுவினால் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவும் ஊதாவை இழந்து இளஞ்சிவப்பாகி நெகட்டிவ் போல நிற்கும். குறைவாகக் கழுவினால் எல்லாமே ஊதா. பழைய வளர்ப்பை எடுத்தாலும் பாசிட்டிவ் நெகட்டிவாகத் தெரியும். பொறுமையும் சுத்தமும் இல்லாதவருக்கு இந்தத் துறை ஒத்துவராது, ஏனென்றால் தவறு மறுநாள் காலையில்தான் தட்டில் தெரியும்.

உயிர்வேதியியல் அளவிடும் துறை. சர்க்கரையை, புரதத்தை, கொலஸ்ட்ராலை நிறமானியில் அளந்து வரைபடம் போடுவது அன்றாடம். கூடவே ஒரு 'பிளாங்க்' வைக்காவிட்டால், அதாவது மாதிரியைத் தவிர மற்ற எல்லாம் சேர்ந்த குழாயில் கருவியைச் சுழியாக்காவிட்டால், எல்லா அளவும் ஒரே அளவு கூடுதலாக நிற்கும். நேர்கோடு அழகாக வரும், விடை மட்டும் தப்பாக இருக்கும்.

பயோடெக்னாலஜியில் டி.என்.ஏ. பிரித்தெடுத்தல், அதை மின்சாரத்தால் ஜெல்லில் ஓட்டுதல், திசு வளர்ப்பு. 1 விழுக்காட்டு அகரோஸ் ஜெல் என்றால் 100 மி.லி. தாங்கல் (பஃபர்) கரைசலில் 1 கிராம். டி.என்.ஏ. எதிர்மின் சுமை உள்ளது, ஆகவே அதை ஊற்றும் குழிகள் எதிர்மின் முனைப் பக்கம் இருக்க வேண்டும். கறுப்பு, சிவப்பு வயர்களை மாற்றிச் செருகினால் டி.என்.ஏ. ஜெல்லுக்குள் ஓடாமல் பின்பக்கமாகக் கரைசலில் இறங்கிவிடும். திசு வளர்ப்புக்கு முராஷிகி–ஸ்கூக் ஊடகம்: லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, பி.எச். 5.8. அவ்வளவு சர்க்கரை இருக்கும் இடத்தில் ஒரு பூஞ்சை வித்து போதும், ஒரே வாரத்தில் செடிக்குப் பதில் வெள்ளைப் பஞ்சு வளர்ந்திருக்கும்.

பயோடெக் சேர்பவர்கள் கல்லூரியை நேரில் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். தாவரவியலைப் பிளேடும் நுண்ணோக்கியும் வைத்துக்கூட உருப்படியாகக் கற்றுத்தர முடியும். பயோடெக்கில் கருவி இல்லாவிட்டால் படிப்பே இல்லை. மைக்ரோபிப்பெட் எத்தனை இருக்கிறது, ஜெல்லை மாணவர்களே ஊற்றுகிறார்களா அல்லது ஆசிரியர் செய்வதை நாற்பது பேர் சுற்றி நின்று பார்க்கிறார்களா, கிருமியில்லாக் காற்று வீசும் லாமினார் மேசை ஓடுகிறதா அல்லது மேலே ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். கண்ணாடி பதித்த ஆய்வக வாசலைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்னொன்று கட்டணம். ஒரே கல்லூரியில் தாவரவியலும் விலங்கியலும் அரசு உதவி பெறும் எய்டட் பிரிவில் குறைந்த கட்டணத்தில் நடக்க, பயோடெக்கும் மைக்ரோபயாலஜியும் செல்ஃப் பைனான்ஸ் பிரிவில் பல மடங்கு கட்டணத்தில் நடப்பது பெரும்பாலான பழைய கல்லூரிகளின் அமைப்பு.

பெயரால் திறக்கும் வாசலும் அடைக்கும் வாசலும்

இந்தப் பகுதியைத்தான் யாரும் சேர்க்கைக்கு முன் சொல்வதில்லை.

இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தகுதியான பாடங்களின் பட்டியல் இது: கால்நடை பராமரிப்பும் மருத்துவமும், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல். இவற்றில் ஒன்றாவது பட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். பட்டியலில் தாவரவியலும் விலங்கியலும் பெயரோடு நிற்கின்றன. மைக்ரோபயாலஜியோ பயோடெக்னாலஜியோ இல்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்குக் கதை தலைகீழ். உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், பயோடெக்னாலஜி, எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல், கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றில் பட்டம், அல்லது வேதியியலில் முதுகலை, அல்லது மருத்துவப் பட்டம் என்கிறது 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதி. இங்கே தாவரவியலும் விலங்கியலும் வெளியே.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகையில் இன்னொரு விசித்திரம். பிளஸ் டூவில் தம் வாரியத்தின் முதல் 1 விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்பது அந்தத் திட்டம். அதன் பாடப் பட்டியலில் உயிரியல், தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் உண்டு. பயோடெக்னாலஜி இல்லை. மதிப்பெண் அதிகம் வாங்கிய பிள்ளை 'மவுசு' உள்ள படிப்பைத் தேர்ந்தெடுத்ததாலேயே அந்தத் தொகையை இழக்க நேர்வது இப்படி. அந்தந்த ஆண்டு அறிவிப்பைச் சேர்வதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.

அரசுப் பள்ளியில் ஆசிரியராக நினைப்பவர் பி.எஸ்சி.க்குப் பின் இரண்டாண்டு பி.எட். படிப்பார். அங்கே தாவரவியல், விலங்கியல் என்ற பெயர்கள் நேராகச் செல்லும். சில கல்லூரிகளில் பட்டத்தின் பெயரே 'தாவர உயிரியலும் தாவர உயிர்தொழில்நுட்பமும்' என்றோ 'உயர் விலங்கியலும் உயிர்தொழில்நுட்பமும்' என்றோ நீளமாக இருக்கும். பாடம் பழைய தாவரவியலும் விலங்கியலும்தான். ஆனாலும் பணி நியமனத்தின்போது "இது தாவரவியலுக்கு இணையானது" என்று அரசாணை உள்ளதா என்ற கேள்வி வரும். இருந்தால் அரசாணை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நின்று பாடத்திட்டத்தை விளக்க வேண்டியிருக்கும். அங்கே விளக்கம் எடுபடுவது அபூர்வம்.

எம்.எஸ்சி. சேர்க்கையில் ஒருவழிப் பாதை உண்டு. எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கு எந்த உயிரியல் பட்டதாரியும் பொதுவாக விண்ணப்பிக்கலாம். எம்.எஸ்சி. தாவரவியலுக்கு இளநிலையில் தாவரவியல் படித்தவரையே பெரும்பாலும் கேட்பார்கள். எதில் சேருவது என்று தெரியாமல் தத்தளிப்பவருக்கு என் பரிந்துரை இதனால்தான் தாவரவியல் அல்லது விலங்கியல் பக்கம் சாய்கிறது. அங்கிருந்து பயோடெக்குக்குத் தாண்டலாம், பயோடெக்கிலிருந்து இங்கே தாண்டுவது கடினம்.

மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை என்று எண்ணி மைக்ரோபயாலஜியிலோ உயிர்வேதியியலிலோ சேர்பவர்கள் கவனிக்க வேண்டிய குழப்பம் ஒன்று. நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிக்கும் தொழிலுக்கான படிப்பு எம்.எல்.டி. எனப்படும் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம். அது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தனிப் படிப்பு. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி அதற்கு மாற்று ஆகாது. மருந்து, உணவு, தடுப்பூசித் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுதான் மைக்ரோபயாலஜிக்காரருக்கு இயல்பான இடம்.

கலை அறிவியலுக்கு வெளியே

நீட் தேவைப்படுவது மருத்துவம், பல் மருத்துவம், சித்தா முதலான இந்திய மருத்துவப் படிப்புகள், ஓமியோபதி ஆகியவற்றுக்கு. கால்நடை மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டு இடங்களுக்கு மட்டும் நீட். மீதியைச் சென்னையிலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண் கட்-ஆஃபில் நிரப்புகிறது. இது தெரியாமல் நீட் போனதும் கால்நடை மருத்துவத்தையும் கைகழுவிவிடுகிறவர்கள் உண்டு. படிப்பு ஐந்தரை ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை, தோட்டக்கலை, மேட்டுப்பாளையத்தில் நடக்கும் வனவியல், பட்டு வளர்ப்பு எல்லாம் நான்காண்டுப் படிப்பு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்வள அறிவியலும் நான்காண்டு. வனவியல் பட்டமும் வேளாண் பட்டமும் மேலே சொன்ன வனப் பணிப் பட்டியலில் இருப்பதை நினைவில் வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு இந்தத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள். மொத்தம் ஏழு, நமக்கு அருகில் இருப்பவை திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐந்தாண்டில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்து வரும். நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 என 60 கேள்விகள், மூன்று மணி நேரம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு, மொத்தம் 240. பிளஸ் டூவில் இந்த நான்கில் மூன்று பாடம் படித்திருந்தால் போதும், ஆகவே பியூர் சயின்ஸ் மாணவரும் எழுதலாம். கணிதத்தில் 15 கேள்விகளையும் தொடாமல் விட்டாலும் 180க்கான களம் மிச்சம். சிக்கல் அதற்குப் பிறகுதான். சேர்ந்ததும் தொடக்கப் பருவங்களில் நான்கு பாடங்களையும் படித்தாக வேண்டும், கணிதம் உட்பட. கோடை விடுமுறையில் பிளஸ் ஒன் கணித நூலைத் திறந்து சார்புகளும் வகையிடலும் பழகிக்கொண்டு போவது நல்லது. மூன்றாண்டு பி.எஸ்சி.க்குப் பின் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வில் பயோடெக்னாலஜி தாள் எழுதுபவருக்கும் இதே அறிவுரைதான். அந்தத் தாளில் பிளஸ் டூ அளவுக் கணிதமும் இயற்பியலும் உண்டு.

விண்ணப்பம்

அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணைய விண்ணப்பம், வழக்கமாக மே மாதம் திறக்கும். உயிரியல் படிப்புகளுக்கான தரவரிசை மொழித்தாள்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களின் கூட்டுத்தொகையான 400க்குப் போடப்படும். தமிழில் 98 வாங்கியது இங்கே உதவாது. இடங்கள் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டு முறையில் நிரப்பப்படும்: பொது 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட இசுலாமியர் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. சாதிச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பித்தால் பொதுப் பிரிவில் போய் நிற்க வேண்டிவரும், ஆகவே தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். எய்டட் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் ஒவ்வொன்றாகத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

விருப்ப வரிசையில் ஒரே பாடத்தைப் பத்துக் கல்லூரிகளில் போடுவதைவிட, அருகிலுள்ள இரண்டு மூன்று கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல், மைக்ரோபயாலஜி என்று மாற்றிப் போடுவது இடம் கிடைக்க உதவும். முதல் சுற்றில் கிடைக்காதவர் அடுத்த சுற்றுகளையும் பார்க்க வேண்டும். மருத்துவ, வேளாண், பொறியியல் கவுன்சலிங் நடக்க நடக்க, இங்கே இடம் எடுத்தவர்கள் கிளம்பிப் போவார்கள். ஆகஸ்டில்கூட நல்ல கல்லூரியில் விலங்கியல் இடம் காலியாவது உண்டு. அப்படிக் கிளம்புகிறவர்கள் மாற்றுச் சான்றிதழை அசலாகக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல், திரும்பப் பெற எத்தனை நாள் ஆகும் என்பதைச் சேரும் அன்றே அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதால் முதல் மாதத்திலேயே கேளுங்கள்.

சேர்ந்தபின் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலை: உங்கள் ஆண்டுக்குரிய பாடத்திட்டக் கோப்பை முழுதாக இறக்கிப் பத்திரப்படுத்துவது. பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், இணையதளத்தில் பழையது காணாமல் போகும். இணைச் சான்று கேட்கும்போதும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தாள்வாரியாக விவரம் கேட்கும்போதும் அந்தப் பழைய கோப்புதான் வேண்டும். துறை அலுவலகத்தில் அது இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.